சைக்ளோகிராஸ் ஓட்டத் தொடங்குவோருக்கு: வேலூர் மண்ணில் காற்றழுத்தம், டயர், சக்கரம் தேர்வு செய்வது எப்படி

சைக்ளோகிராஸ் பழக நினைக்கும் ஒருவர் முதலில் எந்தச் சக்கரம் வாங்கலாம் என்று கேட்கிறார்; அடுத்து எந்த டயர் என்று கேட்கிறார்; எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. காற்றைச் சரியாக வைக்கத் தெரிந்தவர் சாதாரண டயரிலும் நன்றாக ஓட்டுவார். காற்றைக் கவனிக்காதவருக்கு விலை உயர்ந்த சக்கரம் எந்த உதவியும் செய்வதில்லை. காற்றுக்குப் பணமும் வேண்டாம். ஒரு நல்ல அழுத்தமானியும், சில காலைப்பொழுதுகளும், ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புல், மண், மணல், சேறு, மேடு பள்ளம் எல்லாம் கலந்த, இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுப் பாதையைக் குறித்த நேரம் வரை திரும்பத் திரும்பச் சுற்றுவதுதான் சைக்ளோகிராஸ். பாதையில் 40 செ.மீ. உயரம் வரை பலகைத் தடைகள் இருக்கும்; அவற்றைத் தாண்டவும், ஏற முடியாத சரிவுகளில் ஏறவும் வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஓட வேண்டும். பிரான்சில் 1902-இல் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1950-இல் பாரிஸில் முதல் உலகப் போட்டி நடந்தது. இன்று இதன் தாய்வீடு பெல்ஜியம் என்றே சொல்லலாம். அங்கே பருவம் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை செல்கிறது. நமக்கு வடகிழக்குப் பருவமழையும் அதன் பின்வரும் பனிக்காலமும் ஏறக்குறைய அதே மாதங்களில் வருவதால், ஓட்டுவதற்கு உகந்த காலம் இரு ஊர்களுக்கும் ஒன்றாகவே அமைகிறது.

ஆனால் மண் ஒன்றல்ல. ஐரோப்பியர்கள் எழுதும் அறிவுரைகளில் முக்கால் பங்கு சேற்றைப் பற்றியதாக இருக்கும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கங்களில் ஆண்டின் பெரும்பகுதி நாம் சந்திப்பது வெடித்துக் காய்ந்த ஏரி உள்வாய், கெட்டியான செம்மண்ணின்மேல் உருளும் சரளை, பாலாற்றின் பெருமணல், இவை எல்லாவற்றிலும் காத்திருக்கும் நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும். ஆகவே அங்கிருந்து வரும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நம் தரையில் ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

காற்று

டயர் தரையைத் தொடும் பரப்பு, அது தாங்கும் எடையை உள்ளிருக்கும் அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதற்கு நெருக்கமாக இருக்கும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ வண்டியில் அமர்ந்திருக்கும்போது பின்சக்கரத்தின்மேல் சுமார் 45 கிலோ விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தின்மேல் எத்தனை பவுண்டு என்று அழுத்தத்தை அளக்கும் அலகு) காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 11 சதுர செ.மீ.; அதே டயரில் 25 பிஎஸ்ஐ மட்டும் இருந்தால் அது சுமார் 25 சதுர செ.மீ. ஆகிறது. இருமடங்குக்கும் மேல் பரப்பு கிடைப்பதால் வளைவில் பிடிப்பு கூடுகிறது, மணலில் சக்கரம் புதைவது குறைகிறது, ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கிச் சுழல்வதும் குறைகிறது.

கெட்டியாகக் காற்றடித்தால் வண்டி வேகமாக உருளும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வழவழப்பான தார்ச்சாலையில் அதில் ஓரளவு உண்மை உண்டு. வெடித்துக் காய்ந்த ஏரிமண்ணில் நிலைமை வேறு. ஒவ்வொரு சிறு மேட்டிலும் கெட்டியான டயர் வண்டியையும் ஓட்டுபவரையும் மேலே தூக்கிப் போடுகிறது. அப்படித் தூக்குவதற்குச் செலவாகும் சக்தி முழுவதும் உங்கள் காலிலிருந்துதான் வருகிறது. மென்மையான டயர் அந்த மேட்டைத் தன் உடலுக்குள் வாங்கிக்கொண்டு நேராகச் செல்கிறது. அரை மணி நேரம் ஓட்டி முடித்தபின் முதுகும் கையும் இருக்கும் நிலையே எந்த டயர் உங்கள் உழைப்பை மிச்சப்படுத்தியது என்று காட்டிவிடும்.

நான் முதன்முதலில் காட்பாடிக்கு அருகே ஓர் ஏரி உள்வாயில் நண்பர்களோடு சுற்று வைத்து ஓட்டியபோது 60 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு போனேன். மதகுக்குப் பக்கத்தில் இருந்த வளைவில், காய்ந்த மண்ணின்மேல் பரவியிருந்த பொடிச் சரளையில் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போக, முழங்கை தேய விழுந்தேன். அதற்கு அடுத்த வாரம், மற்றொரு கோடிக்குப் போய், டியூப் போட்ட டயரில் 20 பிஎஸ்ஐ மட்டும் வைத்தேன். மூன்றாவது சுற்றில் ஒரு வரப்பின் விளிம்பில் ரிம் ‘ணங்’ என்று மோதியது. டியூபைக் கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளைகள் இருந்தன. ரிம்மின் இரு விளிம்புகளுக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்குவதால்தான் இப்படி இரட்டைத் துளை விழுகிறது. உங்களுடைய சரியான அளவு இந்த இரண்டு தவறுகளுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதைத் தேடுவதற்கு ஒரு முறை வேண்டும்.

தொடங்குவதற்கு நான் பரிந்துரைக்கும் எண்கள் இவை. டியூப்லெஸ் முறையில், அதாவது உள்ளே டியூப் இல்லாமல், 33 முதல் 35 மி.மீ. அகல டயர் போட்டு நம் கெட்டித் தரையில் ஓட்டும் 65 கிலோ எடையுள்ளவர் முன்சக்கரத்தில் 25, பின்சக்கரத்தில் 27 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். 55 கிலோ எடையுள்ளவருக்கு 22, 24 போதும். 80 கிலோ எடையுள்ளவர் 30, 32 என்று வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே டியூப் இருந்தால் இவற்றோடு ஆறு முதல் எட்டு பிஎஸ்ஐ வரை கூட்டிக்கொள்ளுங்கள். முன்சக்கரம் குறைந்த எடையைத் தாங்குவதாலும், வளைவில் அது வழுக்கினால் மீட்க முடியாது என்பதாலும் அதில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவாக வைப்பதே வழக்கம். ஒன்றை மறக்கக் கூடாது: டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் அழுத்த வரம்பைப் படியுங்கள். சாதாரண ஹைபிரிட் சைக்கிள் டயர்கள் பலவற்றில் குறைந்தபட்ச அளவே மேற்சொன்ன எண்களைவிட அதிகமாக இருக்கும். பந்தயத்துக்கென்று டயர் வாங்கும்போது குறைந்த அழுத்தத்தைத் தயாரிப்பாளரே அனுமதிக்கும் டயராகப் பார்த்து வாங்குங்கள்.

பிறகு ஒரு காலையை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஐந்து நிமிடத்தில் சுற்றி வரக்கூடிய ஒரு சிறு பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு கூர்மையான மேடோ, வரப்போ, கல் விளிம்போ கட்டாயம் இருக்க வேண்டும். சரளை படிந்த ஒரு வளைவும் வேண்டும். தொடக்க எண்ணைவிட நான்கு பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து, பந்தய வேகத்தில் ஒரு சுற்று ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் வளைவில் பயம் குறையும். அதற்குப் பின் ஒரு கட்டத்தில், கூர்மையான அந்த விளிம்பில் ரிம் தரையை மெல்லத் தொடுவதைக் கையாலும் இருக்கையாலும் உணர்வீர்கள். இன்னும் குறைத்தால், வேகமாக வளையும்போது டயர் ரிம்மின்மேல் பக்கவாட்டில் நெளிவதுபோல் ஒரு தளர்ச்சி தெரியும். அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். ரிம் முதல்முறை தொட்ட அளவோடு ஒன்றரை அல்லது இரண்டு பிஎஸ்ஐ கூட்டினால் அதுவே அந்தத் தரைக்கு, அந்த டயருக்கு, உங்கள் எடைக்கு உரிய எண். குறிப்பேட்டில் தேதி, இடம், மண்ணின் ஈரம், முன் பின் அழுத்தம் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். அடுத்த வாரம் நினைவிலிருந்து எழுதினால் அது தவறாகத்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் அடிப்படை அழுத்தமானி. பம்ப்புகளோடு வரும் முள் காட்டி பெரும்பாலும் 160 பிஎஸ்ஐ வரை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் கீழ்ப்பகுதியில் 22-க்கும் 26-க்கும் உள்ள வேறுபாட்டை நம்பிப் படிக்க முடியாது. குறைந்த அழுத்தத்துக்கென்று தனியாக விற்கும் சிறிய அழுத்தமானி ஒன்றை வாங்குங்கள். அது உண்மையான அளவிலிருந்து ஒரு பிஎஸ்ஐ விலகியிருந்தாலும் பரவாயில்லை. எப்போதும் அதே ஒன்றைப் பயன்படுத்துவதுதான் முக்கியம். நண்பருடைய மானியில் 24 காட்டியது, என்னுடையதில் 26 காட்டியது என்று பந்தயத்தன்று குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் சிறிது காற்று வெளியேறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேலூர் வெயில் இந்தக் கணக்கில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. விடியற்காலையில் 25 டிகிரி வெப்பத்தில் 25 பிஎஸ்ஐ அடித்த டயர், நண்பகலில் 40 டிகிரியில் ஏறக்குறைய 27 பிஎஸ்ஐ காட்டும். அடைபட்ட காற்று வெப்பத்தில் விரிய முயல்வதுதான் காரணம். வெயிலில் சாய்த்து வைத்த கறுப்பு டயர் சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகச் சூடேறும். ஆகவே வீட்டில் அடித்துக்கொண்டு வந்த அளவை நம்பாதீர்கள்; வண்டியைப் புளியமர நிழலில் சிறிது நேரம் நிறுத்தி, புறப்படுவதற்குச் சற்று முன்பு அளந்து சரிசெய்யுங்கள். உயரமும் மாற்றம் செய்கிறது. வேலூரில் அடித்த டயரோடு ஏலகிரிக்குப் போனால், மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மட்டும் மானி ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். மலையின் குளிர்ச்சி அதில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். எதையும் மனக்கணக்காகப் போடாமல் ஓட்டும் இடத்திலேயே அளப்பது நல்லது.

எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, காத்தே இல்ல, ரிம்மு அடி வாங்கிடும்” என்று உண்மையான அக்கறையோடு சொல்வார். “மண்ணுல ஓட்டத்தாண்ணே, இது போதும்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லி நிறுத்த வேண்டியிருக்கிறது. அரிசி மூட்டையைக் கேரியரில் கட்டிச் செல்லும் வண்டிக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. நம் தேவை வேறு என்பதால், கடையில் கம்ப்ரசரைப் பயன்படுத்தும்போது அருகிலேயே நின்று, அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைக்கிள் டயரின் சிறிய கொள்ளளவுக்குக் கம்ப்ரசர் ஓரிரு நொடியில் அபாயமான அழுத்தத்தை ஏற்றிவிடும்.

டயர்

வாங்குவதற்கு முன் அளவு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சைக்ளோகிராஸ் வண்டியும், பெரும்பாலான ஹைபிரிட் வண்டிகளும், 29 அங்குல மலைச் சைக்கிள்களும் டயர் அமரும் இடத்தில் 622 மி.மீ. விட்டமுள்ள ரிம்மைக் கொண்டவை. 700சி என்று குறிப்பிடுவதும் இதைத்தான். நம் ஊரில் காலங்காலமாக ஓடும் 28 அங்குலப் பெரிய சைக்கிளின் ரிம் 635 மி.மீ. விட்டமுள்ளது. பேச்சில் இரண்டையுமே ‘இருபத்தெட்டு’ என்று சொல்வதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. பக்கச் சுவரில் 33-622, 35-622 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணில் இரண்டாவது பகுதி 622 தானா என்று பார்த்து வாங்குங்கள்.

அகலத்தைப் பொறுத்தவரை, சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் விதிப்படி நடக்கும் போட்டிகளில் 33 மி.மீ.-க்கு மேல் அனுமதி இல்லை. ஆணி பதித்த டயருக்கும் அனுமதி இல்லை. பழகுநர்களுக்கான பந்தயங்களில் இந்த அகல வரம்பை வலியுறுத்தாதவர்கள் பலர். அப்படியானால் 35 முதல் 40 மி.மீ. வரை போடுவது நம் தரைக்கு நல்லது என்பது என் கருத்து. அகலம் கூடக்கூட அழுத்தத்தை மேலும் குறைக்கலாம், ரிம்முக்கும் பாதுகாப்பு கூடும். ஆனால் சட்டகத்துக்கும் டயருக்கும் இடையே இரு பக்கமும் குறைந்தது ஆறு மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். மழைக்குப் பின் ஏரி வண்டல் எப்படி அப்பிக்கொள்ளும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். செருப்பில் ஒட்டி இரண்டு அங்குலம் உயரத்தைக் கூட்டும் அதே களிமண், இடைவெளி இல்லாத வண்டியில் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

டயரின் மேற்பட்டையைத் தேர்வு செய்வதற்கு முன் தரையில் குனிந்து மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். கெட்டியான, தூசு மட்டும் படிந்த தரைக்கும், ஆற்று மணலுக்கும், நடுப்பகுதியில் அரம்போல் மிக நுண்ணிய வரிகளும் ஓரங்களில் மட்டும் சிறு கட்டைகளும் உள்ள டயர் ஏற்றது. மணலில் பெரிய கட்டைகள் உழுதுகொண்டு புதையும். நுண்ணிய வரிகள் மேலே மிதந்து செல்லும். கெட்டித் தரையின்மேல் சரளை உருளும் இடங்களுக்கு, அதாவது நம் மலையடிவாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு, நெருக்கமாக அமைந்த சிறு கட்டைகளும், தோள்பகுதியில் உறுதியான கட்டைகளும் உள்ள இடைநிலை டயரே சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி உள்வாய் சேறாகிக் கிடக்கும் சில வாரங்களுக்கு மட்டும், உயரமான கட்டைகள் இடைவெளி விட்டு அமைந்த சேற்று டயர் தேவைப்படும். அந்த இடைவெளிதான் சுழலும்போது சேற்றைத் தூக்கி எறிந்து டயரைச் சுத்தமாக வைக்கிறது. ஒரே ஒரு ஜோடி மட்டும் வாங்க முடியுமென்றால், தயங்காமல் இடைநிலை டயரை வாங்குங்கள். ஆண்டில் பத்து மாதம் அது உங்களுக்குக் கைகொடுக்கும். இரண்டு வகை கைவசம் இருந்தால் பிடிப்பு கூடியதை முன்னாலும், எளிதில் உருளக்கூடியதைப் பின்னாலும் போடலாம்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் கடலோர ஊரான கோக்ஸைடேவில், 2012-இல் உலகப் போட்டியே நடந்த மணல்மேட்டுப் பாதை ஒன்று உண்டு. மணலில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் அங்கே வெல்ல முடியும். நமக்குப் பாலாறு இருக்கிறது. கெட்டித் தரைக்கு வைத்த அளவிலிருந்து மூன்று நான்கு பிஎஸ்ஐ குறைத்து, மணலுக்குள் நுழையும் முன்பே வேகத்தைச் சேர்த்து, உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முன்னால் போனவரின் சக்கரத் தடத்திலேயே ஓட்டிப் பழகுங்கள். ஆனால் பாதையில் மணலும் கல்லும் இரண்டும் இருந்தால், மணலுக்காகக் காற்றைக் குறைத்துக் கல்லில் ரிம்மைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மணலில் ஐம்பது மீட்டர் வண்டியைச் சுமந்து ஓடினாலும் இழப்பது சில நொடிகள்தான்.

இனி முள். வேலூர்ப் பக்கம் டயர் தேர்வை வேறு எதைவிடவும் அதிகமாகத் தீர்மானிப்பது இதுதான் என்பேன். நெருஞ்சிக்காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேல்நோக்கி நிற்கும். சீமைக் கருவேல முள் இன்னும் நீளமானது, மெல்லிய டயரை ஊடுருவி உள்ளே நன்றாக நீட்டிக்கொள்ளும். ஐரோப்பிய வீரர்கள் விரும்பும் மெல்லிய பருத்தி இழை டயர்கள் மண்ணில் அற்புதமாக ஓடக்கூடியவை. ஆனால் நம் முட்களுக்கு முன் அவை நிற்பதில்லை. மேற்பட்டைக்கு அடியில் பாதுகாப்புப் பட்டை வைத்த, நடுத்தர கனமுள்ள நைலான் இழை டயரே இங்கே புத்திசாலித்தனமான தேர்வு. எடை சற்றுக் கூடும். தோளில் தூக்கும்போது அது தெரியவும் செய்யும். ஆனாலும் பஞ்சராகி நிற்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைவிட அது இலகுவானது.

டியூப், டியூப்லெஸ், ரிம்மில் பசைபோட்டு ஒட்டும் டியூபுலர் என்று மூன்று முறைகள் உண்டு. டியூபுலரில் டியூபைச் சுற்றி டயர் தைக்கப்பட்டிருக்கும். மிகக் குறைந்த அழுத்தத்தையும் தாங்கும், காற்று இறங்கினாலும் ரிம்மை விட்டுக் கழலாமல் சிறிது தூரம் ஓட்டிவிடலாம். ஆயினும் பசை அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் காயவிட்டு ஒட்ட வேண்டும். முள் குத்தினால் தையலைப் பிரித்துத்தான் ஒட்டுப் போட முடியும். நெருஞ்சி உள்ள ஊரில் பழகுநர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

டியூப்லெஸ்ஸே நமக்கு ஏற்றது. டியூப் இல்லாததால் இரட்டைத் துளைப் பஞ்சர் அரிது; உள்ளே ஊற்றும் ரப்பர் பால் போன்ற அடைப்புத் திரவம், நெருஞ்சி குத்திய துளைகளை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடைத்துவிடும். இதற்கு ரிம்மும் டயரும் இரண்டுமே டியூப்லெஸ்ஸுக்கு என்று செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். ரிம்மின் உள்ளகலத்தைவிட இரண்டு முதல் நான்கு மி.மீ. அகலமான ரிம் டேப்பை இழுத்துச் சுருக்கமில்லாமல் ஒட்டி, வால்வைப் பொருத்தி, டயரின் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரே வீச்சில் காற்றை ஏற்றினால், ‘பட்’, ‘பட்’ என்ற சத்தத்தோடு டயர் ரிம்மில் அமரும். அப்போதும் டயரிலும் ரிம்மிலும் குறித்துள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அமர்ந்தபின் வால்வின் உட்பாகத்தைக் கழற்றி, ஒவ்வொரு டயருக்கும் 40 முதல் 60 மி.லி. திரவத்தை ஊற்றுங்கள். நம் வெப்பத்தில் அது விரைவில் வற்றிவிடும். கோடையில் மாதம் ஒருமுறை திறந்து பார்த்து நிரப்ப வேண்டும். சக்கரத்தைக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது ஒரு விரைவான சோதனை.

ஓட்டும்போது முள் குத்தியிருப்பது தெரிந்து காற்றும் இறங்கவில்லை என்றால், அதை அங்கேயே பிடுங்காதீர்கள். ஓட்டி முடித்தபின், துளை கீழ்ப்பக்கம் வருமாறு சக்கரத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் பிடுங்கினால் திரவம் அங்கே சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

டியூப்தான் போட முடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். 28 முதல் 35 மி.மீ. வரைக்கான சரியான அளவு டியூபை வாங்குங்கள்; சாலைச் சைக்கிளுக்கான சிறிய டியூபை இழுத்துப் போட்டால் அது மெலிந்து எளிதில் துளைபடும். டயருக்குள் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு டியூபைப் போட்டால் ஒட்டிக்கொண்டு கிழியாது. பஞ்சர் ஒட்டியபின், டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் ஒரு பஞ்சு உருண்டையால் மெதுவாகத் துடைத்து வாருங்கள். விரலுக்குத் தட்டுப்படாத முள்முனை பஞ்சிழையைப் பிடித்து இழுக்கும். அந்த இடத்தில் ஊக்கு முனையால் வெளியே தள்ளிவிடலாம். ஒரே நாளில் மூன்று முறை பஞ்சரானது என்று சொல்பவர்களின் டயரில் பெரும்பாலும் ஒரே முள்தான் மூன்று முறையும் குத்தியிருக்கும்.

சக்கரம்

சக்கரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 28 அல்லது 32 கம்பிகள் கொண்ட, டியூப்லெஸ்ஸுக்கு ஏற்ற அலுமினிய ரிம் பழகுநருக்குப் போதுமானது. உள்ளகலம் 19 முதல் 23 மி.மீ. வரை இருந்தால் 33 முதல் 38 மி.மீ. டயர்கள் சரியான வடிவில் அமரும். குறுகிய ரிம்மில் டயர் பல்பு போல் உருண்டு, குறைந்த அழுத்தத்தில் நெளியும். டயரின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள உட்பக்கம் வளைந்திருக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம் என்றால், டியூப்லெஸ் என்று குறித்த டயரை மட்டுமே அதில் போட வேண்டும். 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ, அதன் உச்ச வரம்பு. கார்பன் ரிம் இலகுவானதுதான். ஆனால் கருங்கல்லில் மோதினால் அலுமினியம் நெளியும். நெளிந்ததைக் கோட்டம் எடுத்து ஓட்டலாம். கார்பன் விரிசல் விட்டால் சக்கரமே போயிற்று.

வண்டிக்குப் பொருந்துமா என்பதை வாங்கும் முன் பாருங்கள். பழைய வண்டிகளில் விரைவாகக் கழற்றும் கம்பி அச்சு, முன்னால் 100, பின்னால் 135 மி.மீ. அளவில் இருக்கும், புதியவற்றில் 12 மி.மீ. தடித்த அச்சு, பின்னால் 142 மி.மீ. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாது. டிஸ்க் பிரேக் உள்ள சக்கரமே நல்லது. மணலும் சேறும் ரிம் பிரேக்கில் சிக்கி ரிம்மையே அரைத்துவிடும். சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றிச் சுழலும் ஹப் விஷயத்தில், கோனும் பால்ஸும் உள்ள பழைய முறை ஹப்பை உள்ளூர்க் கடையிலேயே பிரித்துக் கிரீஸ் வைத்துக்கொள்ளலாம் என்பது ஆற்றுமணலில் ஓட்டுபவருக்குப் பெரிய வசதி.

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால், ஒரு விலை உயர்ந்த ஜோடிக்குப் பதிலாக இரண்டாவது சாதாரண ஜோடி ஒன்றை வாங்குங்கள். ஒன்றில் இடைநிலை டயரும் மற்றொன்றில் சேற்று டயரும் போட்டு வைத்தால், பந்தயத்தன்று மழை வந்தால் சக்கரத்தை மட்டும் மாற்றலாம். முள் குத்தினால் பாதை ஓரத்தில் அது தயாராக நிற்கும். இரண்டு ஜோடியிலும் ஒரே வகை ஹப்பும் ஒரே அளவு பல்சக்கரமும் டிஸ்க்கும் இருந்தால், மாற்றியவுடன் பிரேக் உரசாமலும் கியர் தடுமாறாமலும் ஓடும்.

பந்தயத்தன்று

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பாதையை முதலில் நடந்து பாருங்கள். பாதையிலேயே மிகக் கூர்மையான விளிம்பு எது, மிகவும் வழுக்கும் வளைவு எது என்ற இரண்டையும் கண்டுபிடியுங்கள். கூர்மையான விளிம்பு எவ்வளவு தாழ்வாகக் காற்றை வைக்கலாம் என்பதற்குக் கீழ் எல்லை. வழுக்கும் வளைவு அந்த எல்லைக்கு எவ்வளவு அருகே போக வேண்டும் என்று சொல்லும். குறிப்பேட்டில் அதேபோன்ற மண்ணுக்கு எழுதிவைத்த எண்ணோடு தொடங்கி இரண்டு சுற்று ஓட்டிப் பாருங்கள். அந்தக் கூர்மையான விளிம்பில், ஓட்டி வந்த களைப்போடும் பந்தய வேகத்தோடும் ரிம் மோதுமா என்று யோசியுங்கள். நிதானமாகப் பழகும்போது மோதாதது, கடைசிச் சுற்றில் கால் தளர்ந்து இருக்கையில் அழுந்தி உட்காரும்போது மோதும். சந்தேகம் இருந்தால் பின்சக்கரத்தில் மட்டும் ஒரு பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

முடிந்தபின் அழுத்தத்தை மீண்டும் ஒருமுறை அளந்து, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஹப்பின்மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காமல் ஈரத்துணியால் மணலைத் துடையுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி, நெருஞ்சி முட்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுங்கள். வண்டியைத் தகரக் கொட்டகையில் நிறுத்தாமல் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். சூட்டில் ரப்பர் வெடிப்பது நம் ஊரில் ஒரே கோடையில் நடந்துவிடும். மறுநாள் காலையில் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் இறங்கியிருந்தால் அதில் இன்னும் ஒரு முள் இருக்கிறது.